நாய்க்குட்டியின் வயிறும் நம்முடைய மணலும்



"சேர், நீங்க முஸ்லிம்தானே, ஒரு நாய்க்குட்டிக்கு ஏன் இவ்வளவு ஓடித் திரியிறீங்க?" என்று போன கிழமை ஒரு மாணவியின் தகப்பன் சிரித்துக்கொண்டே கேட்டார். பகிடிதான். ஆனாலும் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலில் பாதி நம் பிள்ளைகளின் வெறுங்காலைப் பற்றியது.

இரண்டு மாதத்துக்கு முன் யாரோ ஒருவர் உரப்பையில் போட்டு, வந்தாறுமூலையில் எங்கள் பள்ளிக்கூட மதிலோரம் விட்டுப்போன குட்டி அது. பெட்டைக் குட்டி என்பதால்தான் விட்டிருப்பார்கள். வயிறு பானை மாதிரி, மற்றதெல்லாம் எலும்பு. வந்த நாளிலிருந்தே வயிற்றோட்டம். இரண்டு நாள் நிற்கும், பிறகும் தொடங்கும். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். ஒருவர் கொய்யா இலை அவித்துப் பருக்கினார், இன்னொருவர் வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் குளிசையில் பாதியை உடைத்துக் கொண்டுவந்தார். "இது பிறவியிலேயே வயிறு சரியில்லாத குட்டி, விட்டுருங்க" என்றும் சொன்னார்கள். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும், "செத்திருமா சேர்?" என்று தினமும் கேட்டான்.

கடைசியில் காவலாளி அண்ணனும் நானும் மலத்தில் கொஞ்சத்தை ஒரு யோகட் கப்பில் எடுத்து மூடிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது மருந்தைப் பற்றியல்ல. "நேற்று என்னென்ன சாப்பிட்டது?" என்றார். எண்ணிச் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது. காலையில் பால்மா கரைத்த பால், இடைவேளையில் பிஸ்கட், பகல் மீன்குழம்புச் சோறு, பின்னேரம் மாட்டெலும்பு. தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பாலில் உள்ள லக்டோஸ் செரிக்காது. அவித்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாளுக்கொரு சாப்பாடு மாறினால் சுகமான குட்டிக்கே வயிறு கலங்கும். பாசத்தில் செய்தோம் என்பது உண்மை. குடலுக்கு அது தெரியாதே.

நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. இது குடல் சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கிற புழு. குட்டியின் முரசு வெளிறிப்போய் இருந்ததற்கும் மலம் சில நாள் கறுப்பாகப் போனதற்கும் காரணம் அதுதான். உருண்டைப்புழு இன்னொன்று. அது தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குப் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பாலிலும் வரும். ஆகவே குட்டி பிறந்த பிறகு வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தோம் என்பது மட்டும் போதாது. இரண்டு கிழமை வயதில் தொடங்கி, இரண்டு கிழமைக்கொரு தடவை, பிறகு ஆறு மாதம் வரை மாதமொரு தடவை பூச்சி மருந்து கொடுப்பதே பொதுவான முறை. தாய் நாய்க்கும் கொடுக்க வேண்டும். அளவு நிறையைப் பார்த்துத்தான், அதை வைத்தியரே சொல்லட்டும்.

எங்கள் குட்டிக்குக் குளிசையோடு ஒரே சாப்பாடு: குழைய வேகவைத்த சோறு, உப்பு உறைப்பில்லாமல் அவித்த கோழி, நாளைக்கு நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்தாம் நாள் மலம் கட்டியானது. பிள்ளைகள் கைதட்டினார்கள்!

மூன்று கிழமையில் திரும்பவும் தொடங்கியது. இங்கேதான் விசயம் இருக்கிறது. குட்டி கழித்ததை ஒருவரும் அள்ளவில்லை. மதில் நிழலில், ஈர மணலில் அந்த முட்டைகள் பொரித்து, ஏறக்குறைய ஒரு கிழமையில் தொற்றக்கூடிய நுண்புழுவாகிவிடும். அதே மணலில்தான் குட்டி படுக்கிறது. அதே மணலில்தான் நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விளையாடுகிறார்கள்.

கொக்கிப்புழு தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். 1898 அளவில், கெய்ரோவில் ஆய்வுகூடத்தில் நுண்புழு கலந்த தண்ணீர் தற்செயலாக அவர் கையில் சிந்தியது. அந்த இடம் அரித்தது. பின்னர் அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன. அதே லூஸ் 1911இல் இலங்கையின் ஒரு புனுகுப் பூனையிலிருந்து கிடைத்த கொக்கிப்புழுவுக்கு, நம் நாட்டின் பெயரையே வைத்து 'அன்சிலொஸ்டோமா சிலானிக்கம்' என்றார். நாயிலும் பூனையிலும் வாழ்கிற அந்த இனம் மனிதக் குடலிலும் முழுப்புழுவாக வளரக்கூடியது. ஆக நாய்க்குட்டியின் வயிற்றோட்டம் நாய்க்குட்டியோடு முடிகிற சங்கதியல்ல.

இனி அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருகிறேன். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. அது கழுவுகிற சட்டம், குட்டியைச் சாகவிடுகிற சட்டமல்ல. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது, குர்ஆன் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே கேட்டோம். நான் கையுறை போட்டேன், பிறகு முறைப்படி கழுவினேன். அவ்வளவுதான்.

என் கோரிக்கை ஒன்று. விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. தெருநாய்களைக் கொல்வதில்லை என்று 2006இல் எடுத்த முடிவும் நல்லதே. ஊசி போட ஊருக்குள் வருகிற அதே நாளில் குட்டிகளுக்கும் தாய்களுக்கும் பூச்சி மருந்தும் கொடுத்தால் என்ன? பிரதேச சபையிடமும் கால்நடை வைத்திய அலுவலகத்திடமும் கேட்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்துவிட்டு, மணலை அப்படியே விடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போடாத குட்டி திடீரென்று சத்தியெடுத்து, இரத்தமாகக் கழித்து, சோர்ந்து விழுந்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். கொய்யா இலை தேடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இப்போது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முறைவைத்து, மண்வெட்டியால் அள்ளி, தூரத்தில் ஆழமாகப் புதைக்கிறார்கள், செருப்போடு. குட்டிக்கு இந்தச் சனிக்கிழமை அடுத்த குளிசை. அதன் பிறகு அதற்கு ஒரு வீடு வேண்டும். வளவு உள்ளவர்கள், பெட்டை என்று திருப்பிக் கொண்டுவந்து விடமாட்டீர்கள் என்றால், இன்பொக்ஸில் சொல்லுங்கள்.