தோழிக்குப் பெயர் உண்டு

சென்ற மாதம் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். காபி சாப்பிட்டு முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகள் படிக்கும்படியாக ஒரு சரித்திரத் தொடர்கதை வேண்டுமாம். சோழர் அரண்மனையில் நடக்க வேண்டுமாம்.

"முதல் அத்தியாயத்தில் ஒரு குதிரை வரட்டும், ஸார். இரண்டாவதில் ராஜகுமாரி. மூன்றாவதில் சுரங்கப் பாதை. அப்புறம் உங்கள் இஷ்டம்" என்றார்.

இவ்வளவும் போக என் இஷ்டம் என்று எங்கே மிஞ்சப் போகிறது? "என்னால் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். மனிதர் வருத்தத்தோடுதான் போனார். காரணத்தை எடுத்துச் சொல்ல அந்தச் சமயத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இந்தச் சரக்கை நானும் விற்றவன்தான். இருபத்தாறு வயசில் நான் எழுதிய முதல் சரித்திர நாவலில் குதிரை உண்டு, சுரங்கம் உண்டு, பௌர்ணமி நிலவு ஒன்பது இடத்தில் உண்டு. சோழன் மடைப்பள்ளியில் மிளகாய் கூட அரைத்திருக்கிறேன். மிளகாய் நம் நாட்டுக்குப் போர்த்துகீசியரோடு வந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. நாவல் நன்றாக விற்றது. நாலு பேர் பாராட்டினார்கள். நானும் அதைப் பற்றிப் பெருமையாகவே இருந்தேன்.

என் தங்கை மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு வந்தபோது அந்தப் புஸ்தகத்தை எடுத்துப் படித்தாள். பத்தாவது வகுப்பு முடித்திருந்தாள். பாதி படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இந்த ராஜகுமாரிக்குத் தலை வாரிப் பூ வைக்கிறாளே ஒருத்தி, அவள் பேர் என்ன?"

"தோழி."

"தோழின்னா ஒரு பேரா, மாமா? இருநூறு பக்கமா அவள் கூடவே வராளே!"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "கதைதானே அம்மா" என்று கூடச் சொன்னேன். அவள் புஸ்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு அதை எடுக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில மாதங்கள் கழித்துத் தஞ்சாவூர் போயிருந்தபோது பெரிய கோயிலில் அதற்கு விடை கிடைத்தது. நான் கல்லூரியில் இண்டர்மீடியட்டோடு நின்றவன். கல்வெட்டைத் தானாகப் படிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். ராஜராஜன் 985-இல் பட்டத்துக்கு வந்தவன். கோயில் 1010-இல் முடிந்தது. அந்தக் கோயிலுக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து தளிச்சேரியில் குடி வைத்தான். அந்த 400 பேரும் கல்லில் இருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீடு சேரமங்கை என்பவளுடையது, திருவையாற்றிலிருந்து வந்தவள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அவர்களோடு நட்டுவனார், மத்தளம் கொட்டுகிறவர், கணக்கர், தையல்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் எல்லாரும் கணக்கில் இருக்கிறார்கள்.

ராஜராஜன் இதை அந்தப் பெண்கள்மீது கொண்ட அன்பினால் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் விட்டு ஊர் வர அவர்களில் எத்தனை பேருக்குச் சம்மதம் இருந்ததோ, கல் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று நிச்சயம். நெல் அளக்கிற கணக்குக்காகவாவது ஓர் அரசன் 400 பெண்களின் பெயரைக் கேட்டு எழுதி வைத்தான். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு அதே ஊரைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்த நான், ஒரே ஒருத்தியின் பெயரைக் கூடக் கேட்கவில்லை.

இப்படிச் சொன்னால், "அப்படியானால் கல்கியைக் குறை சொல்கிறீரா?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இல்லை ஐயா, இல்லை! தமிழில் சரித்திர நாவல் 1895-இல் 'மோகனாங்கி'யோடு பிறந்தது என்றாலும், அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை 2022-இல் சினிமாவாக எடுத்தபோது பேரப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்த நாவலில் படித்தவர்கள் மறக்காத பாத்திரம் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் சிலராவது பூங்குழலி என்பார்கள். அவள் ராஜகுமாரி அல்ல, ஓடக்காரப் பெண். அவளுக்குப் பெயர் இருக்கிறது, கோபம் இருக்கிறது, துடுப்புப் பிடிக்கிற கை இருக்கிறது. பின்னால் வந்த நாங்கள் கல்கியிடமிருந்து முத்துமாலையையும் சதியாலோசனையையும் எடுத்துக்கொண்டோம். ஓடத்தைக் கரையிலேயே விட்டுவிட்டோம்.

சதி என்றதும் இன்னொரு கல் நினைவுக்கு வருகிறது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடியில் இருக்கிறது அது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டைச் சேர்ந்தது. அவனுடைய தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. இந்தக் கொலையை வைத்து எத்தனை கதை எழுதியிருக்கிறோம்! யார் கத்தியை ஓங்கினான், யார் திரைக்குப் பின்னால் நின்றான் என்று பக்கம் பக்கமாக. ஆனால் அந்தக் கல் பேசுகிற விஷயம் வேறு. துரோகிகளின் பிள்ளைகள், பெண்டாட்டிகள், தாயோடு பிறந்த மாமன்மார், பெண் கொடுத்த மாமனார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள், இத்தனை பேருடைய உடைமையும் அரசுக்குப் போயிற்று. நிலம் கைமாறிற்று. அதுதான் கல்லில் உள்ள செய்தி.

பதினைந்து வயசுப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். கொலை நடந்த அன்று அவன் எங்கேயோ மாடு பார்த்துக்கொண்டோ, பாடம் சொல்லிக்கொண்டோ இருந்திருப்பான். அவனுடைய அத்தையை ஒருவன் கட்டியிருந்தான். அவன் துரோகி என்று பெயர் வாங்கினான். பல வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் ஓலை வருகிறது. வீடு போகிறது, தோட்டம் போகிறது. தாத்தா ஒன்றும் பேசாமல் திண்ணையிலிருந்து எழுந்திருக்கிறார். குதிரையும் சுரங்கமும் இல்லாமலே பிள்ளைகளை உட்கார வைக்க இதைவிடக் கதை வேறு வேண்டுமா? அரண்மனை என்றால் என்ன, அங்கே எடுக்கிற முடிவு எத்தனை தூரம் போய் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் இந்த ஒரு கதையில் அந்த வயசுக்குப் புரிந்துவிடாதா?

"பிள்ளைகள் சந்தோஷத்துக்குப் படிக்கிறார்கள், வரிக் கணக்கைக் கொண்டுவந்து அவர்கள் முன் கொட்டாதீர்கள்" என்பது ஆசிரியரின் ஆட்சேபம். நியாயம்தான். வரிக் கணக்கை நானும் படிக்க மாட்டேன். ஆனால் 1881-இல் மார்க் ட்வெயின் எழுதிய 'இளவரசனும் ஏழையும்' கதையைப் பாருங்கள். 1547-ஆம் வருஷத்து இங்கிலாந்து அரண்மனை. இளவரசனும் பிச்சைக்காரப் பையன் ஒருவனும் உடை மாற்றிக்கொள்கிறார்கள். ராஜ முத்திரை இன்னதென்று தெரியாமல் அந்த ஏழைப் பையன் அதை வைத்துக் கொட்டை உடைக்கிறான்! சிரிக்காத குழந்தை உண்டா? அதே கதையில், இளவரசன் பாடத்தில் தவறினால் அவனுக்குப் பதிலாக அடி வாங்குவதற்கென்றே ஒரு பையன் இருக்கிறான். அடி நின்றுவிட்டால் பிழைப்புப் போய்விடுமே, தங்கைகள் பட்டினி கிடப்பார்களே என்று அவன் கெஞ்சுகிறான். சிரித்துக்கொண்டே வந்த குழந்தை அந்த இடத்தில் நின்றுவிடும். அந்தப் பையனுக்கும் அந்தக் கதையில் பெயர் இருக்கிறது. சுவாரஸ்யத்துக்கு எங்கே குறைந்தது?

இன்னொரு கட்சி, "நம் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?" என்கிறது. சொல்லுங்கள். பெரிய கோயில் பெருமைதான். கடல் கடந்த படையும் பெருமைதான். ஆனால் அதே பெரிய கோயில் கல்வெட்டில் தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. சோழப் படை ஈழத்து அரசன் மகிந்தனை 1017-இல் பிடித்துக் கொண்டுவந்தது. அவன் பன்னிரண்டு வருஷம் சோழ நாட்டில் சிறையிருந்து இங்கேயே செத்தான். இவற்றை மறைத்துப் பெருமையை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளை வளர்ந்து என்ன செய்கிறான்? சதய விழா வந்தால், "ராஜராஜன் எங்கள் ஜாதி" என்று சுவரொட்டி ஒட்டுகிறான். எதிர்ச் சுவரில் இன்னொருவன், "இல்லை, எங்கள் ஜாதி" என்று ஒட்டுகிறான். அந்தப் பசையில் எங்கள் எழுத்தும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இதை நான் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு எழுதும்போது இந்தப் பாவத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் வாழ்க்கையில் அதிகாரிகளைப் பார்த்தவர்கள். எந்த ராஜாவையும் முழுக்க நம்ப மாட்டார்கள். பதினைந்து வயசு அப்படி அல்ல. யாரை வணங்குவது, யாரைக் கேள்வி கேட்பது என்பதை அந்த வயசில்தான் மனசு முடிவு செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் ஒரு புஸ்தகம் கையில் கிடைத்து, உலகத்தில் பெயருள்ளவர்கள் பத்துப் பேர், மற்றவர்கள் எல்லாம் தோழி, காவலன், கூட்டம் என்று சொல்லிக் கொடுத்தால், அதை அவ்வளவு சுலபமாக அழிக்க முடியாது.

ஆசிரியருக்குப் போன வாரம் கடிதம் எழுதிவிட்டேன். தொடர்கதை எழுதச் சம்மதம். உடையார்குடிப் பையன்தான் கதாநாயகன். ராஜகுமாரி வருவாள், ஆனால் அவளுக்குத் தலை வாருகிறவளும் பெயரோடு வருவாள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கதையை எழுதத்தான் போகிறேன்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் தங்கை மகளுக்கு அனுப்புவேன். இந்தத் தடவை அவள் கேள்வி கேட்டால், "கதைதானே" என்று சொல்லமாட்டேன்.