தாடை மூட்டு வலியும் அவசரச் சிகிச்சையும்

காதுக்கு முன்னால் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து பார்ப்பவருக்கு, கீழ்த்தாடையின் குமிழ் முதலில் கதவின் கீலைப்போலச் சுழல்வதும், வாய் மேலும் அகலும்போது தான் இருந்த குழியை விட்டு முன்னே வழுக்கி வருவதும் விரல்நுனியிலேயே பிரத்தியட்சமாகத் தெரியும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசுவாலான மெல்லிய தட்டொன்றைத் தாங்கி, பேசவும் மெல்லவும் நாள் முழுவதும் உழைக்கும் இம்மூட்டும் அதை இயக்கும் தசைகளும் நோவெடுக்கும்போது, அந்த வலி காதிலும் பொட்டிலும் பல்லிலும் கழுத்திலுமாகப் பரவித் தோன்றுவதால், நோயாளி முதலில் காதில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார். அதுவும் பலிக்காதபோது, ஒரு குற்றமும் செய்யாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவும் சம்மதிக்கிறார்.

இவ்வியாதியின் வைத்திய சரித்திரம் அவசரத்தின் சரித்திரமாகவே இருந்து வந்திருக்கிறது. 1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை பின்னுக்குச் சரிந்து அழுத்துவதே காதுவலிக்கும் இரைச்சலுக்கும் காரணம் என்று எழுதினார். உடற்கூற்று ஆராய்ச்சியின் முன் அவ்விளக்கம் நிற்கவில்லை. ஆயினும், பற்கள் பொருந்தும் விதத்தை மாற்றிவிட்டால் வலி தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் வேரூன்றி, நல்ல பற்களை அராவுவதும் உறைபோட்டு உயர்த்துவதும் வழக்கமாயின. 1980களில் இன்னும் ஒருபடி மேலே சென்று, இயற்கைத் தட்டை அகற்றிவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பலருக்குப் பொருத்தினார்கள். மெல்லும் விசை தாங்காமல் அது துகள்துகளாகச் சிதைந்து அருகிலிருந்த எலும்பையே அரித்துவிட, 1990களின் தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. வலியைத் தீர்க்கப் போனவர்களில் எத்தனையோ பேர் நிரந்தர வேதனையோடு திரும்பினார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

பின்னால் மாற்றவியலாத எதையும் முதலில் செய்யலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். வலியில்லாமல் வெறுமனே சொடக்கிடும் தாடைக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. வலிப்பவருக்கும், சில வாரங்கள் முறுக்கையும் கரும்பையும் தள்ளி வைத்து இட்லி, குழைந்த சோறு என்று உண்டு, கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, உதடு மூடியிருந்தாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாதபடி பழகினாலே பெரும்பாலும் நோவு தணிந்துவிடுகிறது. கவலையும் உறக்கக்குறைவும் பற்களை இறுகக் கடிக்கச் செய்து இவ்வலியை வளர்க்கின்றன. அதனால் இது மனப்பிரமை என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவது அநியாயம், ஏனெனில் நோகும் தசை மெய்யாகவே நோகிறது. நாட்பட்ட வலிக்கென்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, கையால் தசையைத் தளர்த்துதல், மனப்பழக்கத்தைத் திருத்தும் ஆலோசனை ஆகியவற்றையே வலியுறுத்திச் சொல்லி, தட்டை அகற்றும் அறுவையை வேண்டாமென்று தள்ளுகிறது.

ஆனால் பொறுமை வேறு, அசட்டை வேறு. பாக்கும் பான்மசாலாவும் மெல்லுகிறவருக்குக் காரம் பட்டால் வாய் எரிந்து, மூன்று விரல் நுழையாதபடி வாய் குறுகிக்கொண்டு வருமானால், அது மூட்டின் கோளாறல்ல. பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய, வாயின் உட்சவ்வு இறுகும் நோயாக இருக்கக்கூடும். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, பொட்டில் புதிதாகத் தலைவலியும் கண்டால், இரத்தக்குழாய் அழற்சியினால் பார்வையே பறிபோகும் அபாயம் உண்டு. நடக்கும்போதும் படியேறும்போதும் மட்டும் தாடையில் தோன்றும் வலி இருதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் பிரித்தறிய, நோயாளியைக் காது வைத்தியரிடமிருந்து பல் வைத்தியருக்கும் அங்கிருந்து நரம்பு வைத்தியருக்குமாக அலையவிடாமல், நம் அரசு மருத்துவமனைகளில் பல் வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் மனநல ஆலோசகரும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரே அறையில் அமர்ந்து இந்நோயாளிகளைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும். விலையுயர்ந்த யந்திரம் எதுவும் இதற்குத் தேவையில்லை.