தொட்டியில் குழந்தை, மேஜையில் அம்மா

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காகப் பாரிஸ் போய் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தேன். ‘சென்ட் வாங்கி வந்தாயா, கைப்பை வாங்கி வந்தாயா’ என்று ஆசையாகப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். உள்ளே இருந்தது ஒரு கட்டுப் பழைய பேப்பர். அதில் சில, நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தியவை!

தினமும் காலையில் பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பால் கொடுக்க வைத்து, தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஸேன் நதிக்கரைக்குப் போவேன். மகள் அந்த இரண்டு மணி நேரம் தன் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதுவாள். நதிக்கரைக் கைப்பிடிச் சுவர் நெடுகப் பச்சைப் பெட்டிகள். மூடியைத் தூக்கினால் அதுவே கடை. பழைய புத்தகங்கள், படங்கள், பத்திரிகைகள். நம் மூர்மார்க்கெட் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

பிரெஞ்சு எனக்கு ‘போன்ழூர்’, ‘மெர்சி’யோடு சரி. படம் பார்க்க பாஷை எதற்கு? கண்ணாடிக் காகித உறைக்குள் ஒரு தாள். மேஜையில் குனிந்து ஒரு பெண் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் குளிக்கும் தொட்டி. அதில் குழந்தை தலைகுப்புற விழுந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேரம் பேசி இருபது யூரோவுக்கு வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். அடியில் இருந்த வரியைப் படித்தாள். அம்மாவுக்கு எழுத்தில் அனல் பறக்கிறதாம், பிள்ளையோ தண்ணீருக்குள்ளேயாம். படித்துவிட்டு, “உனக்கு இது சிரிப்பா இருக்காம்மா?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. நான் கதை எழுதப் போய்ப் பால் பொங்கி வழிந்த நாட்களில், “எழுதுற கை சாதம் வடிக்குமா?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அழுதவள் நான். நானா இதைப் பார்த்துச் சிரித்தேன்?

அப்புறம்தான் இந்தப் பத்திரிகையின் கதையை விசாரித்தேன். பெயர் ‘ஷாரிவாரி’. 1832-ல் ஷார்ல் ஃபிலிபோன் ஆரம்பித்த தினசரிக் கேலிப் பத்திரிகை. நாலே பக்கம், அதில் ஒன்று முழுக்கப் படம். இதற்கு முன்பே ‘லா காரிகாத்யூர்’ என்ற வாரப் பத்திரிகையையும் அவர் நடத்தினார். லூயி ஃபிலிப் ராஜாவின் முகம் படிப்படியாகப் பேரிக்காய் ஆவதைக் கோர்ட்டிலேயே வரைந்து காட்டிய ஆசாமி! பிரெஞ்சில் பேரிக்காய் என்றால் அசடு என்றும் அர்த்தமாம். அவரிடம் வரைந்தவர்தான் ஓனோரே தோமியே. ஏழைகளின் காசைக் கூடை கூடையாக ராஜா விழுங்குவதுபோல் வரைந்ததற்கு 1832-ல் ஆறு மாதம் சிறைத் தண்டனை பெற்றவர்.

1835 செப்டம்பரில் புதுச் சட்டம் வந்தது. முன் அனுமதி இல்லாமல் படம் போடக் கூடாது. ‘லா காரிகாத்யூர்’ அந்த வருஷமே மூடப்பட்டது. ராஜாவைத் தொட முடியாதென்றதும் என்ன செய்வார்கள்? வக்கீல், டாக்டர், வீட்டுக்காரர், கடைசியில் எழுதுகிற பெண்கள். 1844-ல் ‘நீலக் காலுறைகள்’ என்ற தலைப்பில் நாற்பது படங்கள் வந்தன. படித்த பெண்களுக்கு அங்கே அதுதான் பட்டப்பெயர். என் இருபது யூரோப் படம் அந்த வரிசையில் ஒன்று. ராஜாவுக்குப் பயப்படாத கைதான் இதையும் வரைந்தது. இதை ஜீரணிக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று. படத்துக்கு அடியிலுள்ள வசனங்களைப் பெரும்பாலும் தோமியே எழுதுவதில்லை, பத்திரிகை ஆபீஸில்தான் எழுதுவார்கள் என்று பிறகு தெரிந்தது. கொஞ்சம் ஆறுதல்!

ஆனாலும் சேர்க்கும் ஆசை விடவில்லை. போய்ப் போய் வாங்கினேன். அசலா என்று பார்க்கத் தாளைத் திருப்பினால் போதும். பின்பக்கம் செய்தி அச்சாகியிருந்தால் பத்திரிகையிலிருந்து வந்தது. பூதக்கண்ணாடியில் ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் பிற்காலத்து மறுபதிப்பு. கல்லில் வரைந்து அச்சடித்ததில் சாக்குக் கட்டியால் தேய்த்தாற்போல் சொரசொரப்புத் தெரியும். இன்னொரு வேடிக்கை: 1830, 40-களின் தாள் கந்தல் துணிக் கூழில் செய்தது, இன்னும் திடமாக இருக்கிறது. 1901 முதல் 1912 வரை வந்த ‘லாஸியெத் ஓ பேர்’ இதழ்களோ மரக்கூழ்த் தாள். ஓரமெல்லாம் பழுத்து, தொட்டால் அப்பளம்போல் உடைகிறது.

வீட்டில் பழைய பத்திரிகை, தாத்தா கால தஸ்தாவேஜு வைத்திருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகக் கறை பிடித்து ஊறிவிடும். லாமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. அமிலமில்லாத அட்டை உறையில் படுக்கை வசமாக, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் சில வருஷத்தில் தாள் பாழ். படம் பார்த்தால் போதும், காசு செலவழிக்க இஷ்டமில்லை என்பவர்களுக்கு பிரெஞ்சு தேசிய நூலகம் ‘காலிகா’ என்ற இணையத் தளத்தில் ‘ஷாரிவாரி’யை இலவசமாகவே வைத்திருக்கிறது.

என் கட்டில் அந்தத் தொட்டிக் குழந்தைப் படம் மட்டும் இல்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று, “அதை எங்கிட்ட குடுத்துட்டுப் போம்மா” என்று மகள் வாங்கிக்கொண்டாள். கிழித்துப் போடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

போன மாதம் வீடியோவில் பேசும்போது பார்த்தேன். அசலை டிராயரில் பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு நகல் எடுத்து எழுதும் மேஜைக்கு நேரே ஒட்டியிருக்கிறாள். அடியிலிருந்த வரியை வெட்டிவிட்டு, தமிழில் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: “அப்பா எங்கே போனார்?”

மாப்பிள்ளை பின்னால் குழந்தைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.