கிடப்பில் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள்களைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவர வழி கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் மற்றும் மெக்கானிக்குகள் சங்கம்,
தாராவி – மாட்டுங்கா – செம்பூர், மும்பை.

பெறுநர்:
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
மகாராஷ்டிர அரசு, மும்பை.

பொருள்: பழைய இருசக்கர வாகனங்களின் பதிவுப் புதுப்பிப்பு, பெயர் மாற்றம், சீரமைப்பு தொடர்பான கோரிக்கைகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்கள் நாங்கள். எங்களில் சிலர் பழைய வண்டிகளைச் சேகரித்துப் பாதுகாப்பவர்கள். பலர் அவற்றைப் பழுது பார்த்துப் பிழைப்பவர்கள். திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட், 1996இல் மூடப்பட்ட மைசூரு ஆலையின் ஜாவா, யெஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், ஆர்.டி. 350, ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகள் இன்றும் சால் குடியிருப்புகளின் ஓரத்திலும் கட்டட வளாகங்களிலும் தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன.

ஜாம் ஆன எஞ்சினை இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து, கிராங்க் சீல் மாற்றி, துருவேறிய டேங்கைக் கழுவி, வயரிங்கைப் புதிதாக இழுத்து, பிரேக் ஷூவும் டயரும் போட்டால் இந்த வண்டிகள் ஓடும். அந்தக் கைவேலை எங்கள் கராஜ்களில் இருக்கிறது. இவற்றை முடக்கி வைத்திருப்பது பழுதல்ல, ஆவணச் சிக்கல்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாமதமானால் மாதத்துக்கு 300 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 3,600 ரூபாய் கூடுதல் கட்டணம். இதோடு பசுமை வரியும் உண்டு. சில ஆண்டுகள் நின்றுபோன வண்டிக்கு இந்தத் தொகை அதன் பழைய இரும்பு விலையைத் தாண்டிவிடுகிறது. உரிமையாளர் மனம் தளர்ந்து எடைக்குப் போட்டுவிடுகிறார்.

2021 ஜூலையில் மத்திய அரசு வகுத்த விண்டேஜ் வாகன விதிகளை வரவேற்கிறோம். ஆனால் அவை முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கே பொருந்தும். 1983இல் விற்பனைக்கு வந்த ஆர்.டி. 350 இந்தத் தகுதியைப் பெற 2033 வரை காத்திருக்க வேண்டும். 1985இல் வந்த ஆர்.எக்ஸ். 100க்கு 2035 ஆகும். அதற்குள் எத்தனை வண்டிகள் மிஞ்சும் என்பதே எங்கள் கவலை.

எனவே பின்வரும் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்:

1. காகிதப் பதிவேட்டில் மட்டுமே உள்ள பழைய வண்டிகளின் விவரங்களை 'வாகன்' என்ற வாகனப் பதிவு இணையதளத்தில் ஏற்ற, மும்பை ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறப்பு முகாம் நடத்த வேண்டும்.

2. உரிமையாளர் இறந்தால் வாரிசு மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. கையெழுத்திட்ட 29, 30 படிவங்களோடு கைமாறிய வண்டிகளில் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதும் அரிது. சேஸிஸ் எண் சோதனை, திருட்டு வாகனப் பட்டியல் சரிபார்ப்பு, உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை அறிவிப்பு ஆகியவற்றின் பேரில் பெயர் மாற்றித் தர எளிய நடைமுறை வேண்டும்.

3. நின்றுபோன வண்டிகளின் தாமதக் கட்டணத்துக்கு ஒருமுறை தள்ளுபடி வழங்க வேண்டும். மத்திய அரசின் ஒப்புதல் தேவையெனில் மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும்.

4. பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. ஓட்டிப் பார்க்காமல் பிரேக்கையும் கியரையும் சரிபார்க்கவும் முடியாது. காப்பீடு எடுத்த வண்டிக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் சோதனை ஓட்ட அனுமதி வழங்க வேண்டும்.

5. விண்டேஜ் விதிகள் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கின்றன. அதே வகைப் பாகங்களைக் கொண்டு செய்யும் பழுதுநீக்கம் மாற்றியமைப்பு ஆகாது என்று ஆய்வாளர்களுக்குத் தெளிவான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

6. உலக வரலாற்று வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 30 ஆண்டு கடந்த வண்டியையே வரலாற்று வாகனமாக ஏற்கிறது. இங்கும் 30 முதல் 50 ஆண்டு வரையிலான வண்டிகளுக்குத் தனிப்பிரிவு ஏற்படுத்த மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

7. தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் தடையின்றிக் கிடைக்க ஆவன செய்ய வேண்டும்.

மும்பையின் காற்று மாசு எங்கள் பிள்ளைகளையும் பாதிப்பதுதான். ஆகவே புகைச் சோதனையில் சலுகை எதுவும் நாங்கள் கேட்கவில்லை. 2000 மார்ச் இறுதிக்குள் தயாரான இருசக்கர வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட 4.5 சதவீத கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் வராத எந்த வண்டியையும் எங்கள் உறுப்பினர்கள் சாலைக்கு எடுக்க மாட்டார்கள். சைலன்சரை மாற்றி இரைச்சல் எழுப்புவோருக்கும் சங்கத்தில் இடமில்லை.

மேற்கண்டவை குறித்து விளக்கமளிக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறும், முதல் சிறப்பு முகாமை நடத்த உத்தரவிடுமாறும் வேண்டுகிறோம். முகாமுக்கு வரும் வண்டிகளைக் கட்டணமின்றி முன்பரிசோதனை செய்து தர எங்கள் மெக்கானிக்குகள் அணியமாக உள்ளனர்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல், கிடப்பில் உள்ள வண்டிகளின் விவரப் பட்டியல்.

நகல்: மும்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள்.