பக்கத்து அறையில் இருப்பவர்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருக்கும் என் பெரியம்மா, 31 வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்குத் தியானத்தில் உட்காருகிறார். கூடத்துத் தூணோரம் ஒரு மணை, அதன்மேல் நாலாக மடித்த துண்டு. முழங்கால் படும் இரண்டு இடத்திலும் மரம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். காய்ச்சலானாலும் கல்யாண வீடானாலும் அந்த ஒரு மணி நேரம் தவறாது.

அதன் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியப்பா போன அன்று வாய்விட்டு அழுதார். ஆனால் டாக்டரையோ விதியையோ ஒரு வார்த்தை பழிக்கவில்லை. துக்கம் அவரிடம் வந்தது, இருந்தது, போனது. மனசில் குடியேறவில்லை.

2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர், 8 திபெத்திய பௌத்தத் தியானிகளின் மூளை அலைகளை 10 மாணவர்களின் அலைகளோடு ஒப்பிட்டார்கள். தியானிகள் ஒவ்வொருவரும் 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை தியானத்தில் இருந்தவர்கள். தியானத்தின்போது அவர்களிடம் காமா அலைகள் மிக வலுவாக எழுந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியம்மாவும் 11,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டார்.

ஆனால் இந்த மாதிரி ஒப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. தியானம் ஒருவரை அமைதியாக்கியதா, அமைதியான சுபாவம் உள்ளவர்தான் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தாரா என்று அது சொல்லாது. உட்கார முடியாமல் பாதியில் எழுந்து போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2014இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது. இதை அழுத்தியே சொல்கிறேன்.

அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் ரிஃப், 1989இல் மனநலனை ஆறு கூறுகளாகப் பிரித்து ஒரு அளவுகோலை வெளியிட்டார். தன்னை ஏற்றுக்கொள்வது, வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருப்பது என்று போகும் அந்த வரிசையில், மற்றவர்களோடு நல்லுறவும் ஒன்று. அந்த அளவுகோலின் கேள்விகளுக்கும் பதில் எழுதப்போவது தியானம் செய்கிறவரேதான். கூட இருப்பவரை யார் கேட்பது?

மன்னியைக் கேட்டேன். பெரியம்மாவின் மருமகள். "அம்மா உட்கார்ற ஒரு மணி நேரம் எனக்குக் கால் தரையில படாது. கோலம் போடணும், பால் வாங்கணும், டிகாக்‌ஷன் இறக்கணும், பசங்களை எழுப்பணும். அதுவும் சத்தம் போடாம."

தியானம் செய்பவர், செய்யாதவர் என்ற இரண்டு அணியும் அந்த ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒருவருடைய 11,000 மணி நேரத்தில் பெரும்பகுதியை இன்னொருவர் அடுப்படியில் நின்று கொடுத்திருக்கிறார். இது எந்த அட்டவணையிலும் ஏறாது.

இதை எண்ணும்போது திருச்சியில் வாழ்ந்த கவி தாயுமானவரை நினைத்துக்கொள்கிறேன். மன்னர் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் பணியில் இருந்தவர். துறவு கேட்டு வந்தவரை அவருடைய குருவான மௌனகுரு உடனே ஏற்கவில்லை. இல்லறத்தில் இருந்துவிட்டு வா என்று வீட்டுக்கு அனுப்பினார் என்கிறது தாயுமானவரின் வரலாறு. அவர் தாங்கிய பெயரும் மலைக்கோட்டை ஈசனுடையது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் தவித்த பிள்ளைத்தாய்ச்சிக்கு, தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்த ஈசன். மௌனத்தைப் பாடிய பெரியவருக்கு இப்படி ஒரு வீட்டுவேலை செய்த சாமியின் பெயர் அமைந்ததில் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

போன மாதம் பெரியம்மாவிடம் அந்த ஆறு கூறுகளையும் தமிழில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினார். நல்லுறவு வந்ததும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தாளை மன்னியிடம் நீட்டினார்.

"இதுக்கு நீ போடும்மா."

மன்னி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "ஆறு போட்டா கோச்சுக்க மாட்டேளே?"

"போடு."

ஆறுதான் போட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிகாக்‌ஷன் இறக்குவது பெரியம்மா. மன்னி அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணை மூடுவதில்லை.