வேன் கூரையில் சோலார்: மறைக்க வேண்டியது எதை?

சந்தைக்குச் சந்தை வேனில் துணிமணி, பாதணி, பிளாஸ்டிக் சாமான் கொண்டுபோய் விற்கும் நம்மவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு இவர்களது வியாபாரம் வெளிச்சத்தில்தான் தங்கியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. மற்றப் பக்கம் பெற்றோலுக்கு வரிசை. ஜெனரேட்டரை மட்டும் நம்பியிருந்தவர்கள் நேரத்தோடு சாமானைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அதன் பிறகுதான் வேன் கூரையில் சோலார் பெனல் பூட்டும் பேச்சு நம்மிடையே பரவியது.

என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "நானா, வெளியில தெரியாம பூட்டலாமா?" கேள்வியில் நியாயம் உண்டு. இரவில் சந்தைத் திடலில் நிறுத்தும் வாகனத்தின் கூரையில் பளபளப்பாக ஒரு பெனல் தெரிந்தால், அது திருடனுக்கு எழுதிவைத்த அழைப்பிதழ் மாதிரி.

இதற்கென்றே வளையக்கூடிய மெல்லிய பெனல்கள் விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புத்தான். உல்லாசப் பயணிகள் படுத்துறங்கும் வேன்களில் கூரையோடு கூரையாக ஒட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான் ஒட்டினேன். இரண்டு வருடம் போகுமுன் கொப்புளம் எழும்பி, பழுப்பு நிறமாகி, மின்சாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. விற்றவரிடம் போனால் "வெயில் கூடிப்போச்சு" என்றார். சூரியனுக்காக வாங்கிய சாமானுக்கு வெயில் கூடாதாம்!

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் பெனலின் வலு நூற்றுக்கு 0.4 அளவில் குறைகிறது. நண்பகலில் தகரக் கூரையோடு ஒட்டிய பெனல் 65 பாகைக்கு வந்தால், ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். அடியில் காற்று ஓட வழியில்லாததால் ஆயுளும் குறைகிறது. எங்கள் நாட்டு வெயிலுக்கு ஒட்டும் பெனல் சரிவராது என்பதே என் அபிப்பிராயம்.

கண்ணாடி போட்ட சாதாரண பெனலையே வாங்குங்கள். கூரைக்கும் அதற்கும் இடையில் இரண்டு அங்குல வெளி விட்டு, சுற்றிவர கரியர் விளிம்பு வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். வீதியில் நிற்பவருக்கு வெறும் கரியர்தான் தெரியும். விளிம்பின் நிழல் பெனலில் விழாதபடி கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டும். ஒரு மூலையில் நிழல் பட்டாலும் மொத்த மின்சாரமும் வெகுவாகக் குறையும். ஆணி துளைத்த இடங்களுக்கு நல்ல சீலன்ட் பூசாவிட்டால் முதல் மழையிலேயே துணிக்கட்டு நனையும்.

வாங்கும்போது கையில் அளவு நாடா இருக்கட்டும். நல்ல பெனல் சதுர அடிக்கு 20 வோட் அளவே தரும். ஐந்து சதுர அடிப் பெனலில் 200 வோட் என்று ஸ்டிக்கர் இருந்தால், அது 100 வோட்தான். ஈயப் பெட்டரியைத் தராசில் வையுங்கள். 12 வோல்ட், 100 அம்பியர் மணி என்றால் 25 கிலோவுக்குக் குறையாது. அளவை நிறுவையில் குறை செய்வோரைப் பற்றி ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது. அது படிக்கும் தராசுக்கும் மட்டும் என்று நினைத்துவிட்டார்களோ தெரியாது. வோட்டும் ஓர் அளவைதானே. இந்தச் சாமானை விற்பவர்களிலும் நம்மவர்கள் குறைவில்லை என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்கு. 10 வோட் எல்.ஈ.டி. பல்ப் ஆறு, நான்கு மணித்தியாலம் எரிந்தால் 240 வோட் மணி. சின்னக் காற்றாடிக்கு 60. போனுக்கும் பில் மெஷினுக்கும் 30. எல்லாம் சேர்த்து 330. கூரையில் 200 வோட் பெனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் சேதாரம் போக 600 அளவில் கிடைக்கும். 100 அம்பியர் ஈயப் பெட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதுவும் 600. மழை நாள் ஒன்று குறுக்கிட்டாலும் சமாளிக்கலாம். கேத்தல், இஸ்திரிப்பெட்டி ஆசையை விட்டுவிடுங்கள். சிறிய ஜெனரேட்டர் மணிக்கு அரை லீற்றர் அளவில் பெற்றோல் குடிக்கும். இரவுக்கு இரண்டு லீற்றர். வாரத்தில் எத்தனை சந்தை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இது தேவை என்று நான் சொல்லவில்லை. தினமும் இரண்டு மணித்தியாலம் ஓடுகிற வேனுக்கு, எஞ்சின் டைனமோவிலிருந்தே இரண்டாவது பெட்டரியை ரிலே வைத்துச் சார்ஜ் பண்ணலாம். பெனல் காசு மிச்சம். கூரையில் பொதி ஏற்றுபவருக்கும் பெனல் வேண்டாம், பொதிக்கு அடியில் கிடக்கும் பெனலால் ஒரு பல்பும் எரியாது. ஒரே இடத்தில் பகல் முழுக்க நின்று வியாபாரம் செய்பவருக்குத்தான் இது இலாபம்.

கடைசியாக, பெட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். வயர் செய்த பாஸ் "அது தேவையில்ல முதலாளி" என்றால், வேனை அந்த கராஜிலிருந்து எடுத்துவிடுங்கள். வயர் தகரத்தில் உரசிச் சூடேறினால் எரியப்போவது ஏற்றி வைத்திருக்கும் துணிதான். பூட்டுவதற்கு முன்னரே காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். கூரையில் இருப்பதை வீதியில் போகிறவருக்கு மறைக்கலாம், அவருக்கு மறைத்தால் நட்டஈடு கேட்கும் நாளில் சிக்கல் வரும்.