ஓரிரு இடங்களில்

2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்கு வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் அதற்கு முன்பே, வெள்ளத்துக்கு அஞ்சிக் கொண்டுவந்த கார்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. அன்று சொல்லும்படியான மழை இல்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்து போனது. அதற்குள் கேலிப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவிவிட்டன. பழைய தீர்ப்பும் கூடவே வந்தது: "அவங்க மழைன்னா வெயில் அடிக்கும், வெயில்னா மழை கொட்டும்."

உண்மையிலேயே அப்படி என்றால் நமக்கு அதிர்ஷ்டம்தான். எப்போதும் தவறாகச் சொல்பவரைப் போல நம்பகமான ஜோசியர் கிடையாது. அவர் சொல்வதைத் திருப்பிப் போட்டால் போதும். அப்படி எவரும் செய்வதில்லை. பலித்த நாள் நமக்கு நினைவில் நிற்பதில்லை, அவ்வளவுதான். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் அதே கடற்கரைக்கு பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள்; இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். வெளியேறிய அத்தனை பேர் வீட்டையும் புயல் அடித்துப்போட்டதா? இல்லை. அதற்காக அந்த எச்சரிக்கையைப் பொய் என்பீர்களா?

அடுத்த குற்றச்சாட்டு, "வரலாம், பெய்யக்கூடும் என்பதெல்லாம் தப்பித்துக்கொள்ளும் பேச்சு" என்பது. 'ஓரிரு இடங்களில் மழை' என்பதற்கு வானிலைத் துறையில் ஒரு கணக்கு உண்டு. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால்வாசியில் மழை பதிவாகும் என்பதே அதன் பொருள். உங்கள் தெரு காய்ந்து கிடந்தால் அறிக்கை பொய்த்தது என்று ஆகாது. நீங்கள் மீதி முக்காலில் இருக்கிறீர்கள்.

இந்த 'லாம்' எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரஸ்யமான கதை. 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லொரன்ஸ், கணினியில் ஓட்டிய ஒரு கணக்கை மறுபடி ஓட்டினார். 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று சுருக்கி இட்டுவிட்டு காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கணினியில் முற்றிலும் வேறொரு வானிலை. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. வங்கக்கடலின் ஒவ்வொரு அங்குலத்திலும் வெப்பமானி வைக்க யாராலும் முடியாது. ஆகவே 1990களிலிருந்து, தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டுகிறார்கள். ஐம்பது ஓட்டத்தில் பதினைந்தில் மழை வந்தால் வாய்ப்பு முப்பது விழுக்காடு. அப்படிச் சொன்ன நூறு நாட்களில் எழுபது நாள் மழை வராமலிருந்தால் கணிப்பு சரி என்றே அர்த்தம். ஒரே நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இங்கே வழியில்லை.

"கிரகணத்தை நிமிஷ சுத்தமாகச் சொல்கிற பஞ்சாங்கம் மழையையும் சொல்லியிருக்கிறதே?" கிரகணக் கணக்கின் துல்லியத்தில் எனக்கும் வியப்புண்டு. ஆனால் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் வழி தவறாதவை, காற்று அப்படிப்பட்டதல்ல. 'ஐப்பசி கார்த்திகையில் புயல் உண்டாகும், கடலோரம் சேதமாகும்' என்று எந்த ஆண்டும் யாரும் எழுதலாம். தேதியும் ஊரும் இல்லாத வாக்கு பொய்க்கவே முடியாது. அதை நம்பி படகை இழுத்துக் கட்டவும் முடியாது. வானிலை மையம் தேதியைச் சொல்கிறது, அதனால் மாட்டிக்கொள்கிறது.

மையத்தின் மீது எனக்கும் வருத்தம் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 'அதி கனமழை' என்ற சொல்லோ 20 செ.மீ.யைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. 21க்கும் 95க்கும் ஒரே பெயர் வைத்தால், கேட்பவர் எதற்கென்று தயாராவார்? அமெரிக்காவில் 1960களிலிருந்தே மழை வாய்ப்பை விழுக்காட்டில் பொதுமக்களுக்குச் சொல்கிறார்கள். நம் வானொலியில் இன்னும் 'பெய்யக்கூடும்'தான். எண்ணைச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது என்பது வெறும் சாக்கு. கிரிக்கெட்டில் வேண்டிய ரன் விகிதத்தை மனக்கணக்காகப் போடுகிற ஊர் இது.

மன்னார்குடிப் பக்கம் என் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. குறுவை அறுத்து நெல்லைச் சாலையோரம் காயப்போட்டிருந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். செய்தியில் 'டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்' என்று வந்தது. "இவனுங்க சொன்னா வராதுப்பா" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்து வந்தார். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "அந்த ஓரிடம் நம்ம நெல்லு கெடக்குற இடமா இருந்துட்டா?" என்றபடி நாலு மூலைக்கும் செங்கல் தேடினார்.